நின்றிருந்த ட்ரெய்லர்

நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. டைப் அடிக்கும் மேசையை வாசலை ஒட்டிப் போட்டிருக்கிறார் கடை முதலாளி பாய். கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், கண்ணீர் அஞ்சலி என்று எதை அடித்துக்கொண்டிருந்தாலும் தலையை நிமிர்த்தினால் ரோடுதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பம், அதற்கப்பால் கொட்டிவைத்த பாறைக்கற்கள், அதற்கப்பால் கடல். ஆனால் கடலை நான் பார்த்த நாட்கள் குறைவு. கிழக்குப் பக்கத்து ரோட்டில் சென்னை ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் ட்ரெய்லர்கள் எப்போதும் வரிசையில் நிற்கும். உள்ளே போக முறை வரும்வரை டிரைவர்கள் இறங்கிச் சமைப்பார்கள், துணி காயப்போடுவார்கள், வண்டிக்கு அடியில் நிழல் இருந்தால் படுத்துத் தூங்குவார்கள். வரிசை நகர்ந்தால் ஏறி ஓட்டுவார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நிற்கிற ட்ரெய்லர் என்பது ஒரு மதில் மாதிரி. அதை யாரும் வண்டியாக எண்ணுவதே இல்லை.

என் கணவரும் ட்ரெய்லர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். வடக்கே இருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து ஹார்பருக்கு, ஹார்பரிலிருந்து மறுபடி காட்டுப்பள்ளிக்கு. எங்கள் கடையைத் தாண்டும்போது ஹாரனை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வண்டியின் பின்பக்கம்தான் தெரியும். பாய் சிரிப்பார். "பாரும்மா, ஹாஜர் சொல்லிட்டு போறாரு" என்பார்.

கடைக்குப் பக்கத்தில், மின்கம்பத்தின் கீழே, மீன் விற்கிற அக்கா உட்கார்ந்திருப்பார். எதிர்ப் பக்கத்துக் குப்பத்தில்தான் அவருக்கு வீடு. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். சங்கரா, காரப்பொடி, சில நாள் வவ்வால். கோணிப்பை விரித்து, பலகை போட்டு, அதன்மேல் மீனைப் பரப்பிவைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். கூட்டம் குறைகிற நேரத்தில் எங்கள் கடை வாசலில் வந்து நின்று கம்ப்யூட்டரை எட்டிப் பார்ப்பார். உள்ளே வரமாட்டார். "கவுச்சி அடிக்கும், பேப்பர்லாம் நாறிப்பூடும்" என்பார். என்னை அவர் கூப்பிடுவது "டைப்பு" என்று.

"இன்னா டைப்பு, இன்னிக்கி கல்யாணமா, சாவா?"

"கல்யாணம்க்கா."

"அப்ப நல்லா எய்து. எய்த்து தப்பா பூந்துடப் போவுது."

அவர் ஒரு நாளில் பலமுறை அந்த ரோட்டைக் கடக்கவேண்டியிருந்தது. ஐஸ் எடுத்துவர, சாப்பிட, மகளின் குழந்தை அழுதால் பார்க்க. அந்த ரோட்டைக் கடப்பது ஒரு பெரிய காரியம். நின்றிருக்கும் ட்ரெய்லர்களுக்கு நடுவே உள்ள சந்தில் நுழைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்து, புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு நடுத்திட்டுக்கு ஓட வேண்டும். அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபாதி ஓட வேண்டும். இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் வண்டிக்காரர்கள் அத்தனை பேரின் வம்சத்தையும் சேர்த்துத் திட்டுவார். பிறகுதான் உட்காருவார். அவருடைய கணவரை இந்த ரோட்டில்தான் பறிகொடுத்தார் என்று பாய் எனக்குச் சொல்லியிருந்தார். அக்கா அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

கடைக்கு எதிரே பாதசாரிகளுக்கென்று சிக்னல் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அக்காதான் முதலில் போய் விசாரித்தார். கம்பம் நட்டார்கள். ரோட்டில் வெள்ளைக் கோடுகள் போட்டார்கள். கம்பத்தில் இடுப்பு உயரத்துக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு பொத்தான். அதை அமுக்கிவிட்டுக் காத்திருந்தால் வண்டிகளுக்குச் சிவப்பு விழும், நடப்பவர்களுக்குப் பச்சையில் நடக்கிற மனிதன் தெரிவான், கூடவே டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். வேலை முடித்துவிட்டுப் போன ஆட்கள் இதை அக்காவுக்கு இரண்டு முறை விளக்கினார்கள். மூன்றாவது முறையும் கேட்டார். புரியாமல் இல்லை, கேட்கப் பிடித்திருந்தது.

முதல் நாள் அவர் பொத்தானை அமுக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கோயில் மணியைத் தொடுவது மாதிரி மெதுவாகத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டைவிரலால் அழுத்தி அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு விழுந்தது. ஒரு மாநகரப் பேருந்து நின்றது. அதன் பின்னால் ஒரு கார் நின்றது. அக்கா ரோட்டின் நடுவே நடந்தார். ஓடவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பேருந்தில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நடந்தார். அந்தப் பக்கம் போனதும் உடனே திரும்பவும் பொத்தானை அமுக்கி இந்தப் பக்கம் வந்தார்.

"பாத்தியா டைப்பு? நான் ஒரு வெரல வெச்சேன், அத்தினி பெரிய பஸ்ஸு நின்னுச்சு. எங்க வூட்ல நான் சொன்னா பூன கூட நிக்காது."

அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்த சிக்னல் புரியவே இல்லை. நான் வாசலில் உட்கார்ந்து நாள் முழுக்க அதைத்தான் பார்த்தேன். ஷேர் ஆட்டோக்காரர்கள் சிவப்பு விழுந்ததும் வெள்ளைக் கோட்டின் மேலேயே நிறுத்தி ஆள் ஏற்றினார்கள். அவர்களுக்கு அது ஒரு புது ஸ்டாப்பிங். பைக்கில் வருகிறவர்கள் சிவப்பு பெரிய வண்டிகளுக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். தண்ணீர் லாரிகள் விளக்கைப் பார்த்து ஹாரன் அடித்தன. ஹாரன் அடித்தால் சிவப்பு பச்சையாகிவிடும் என்பதுபோல விடாமல் அடித்தன. மஞ்சள் மினுங்க ஆரம்பித்தால் எல்லோருமே வேகத்தைக் கூட்டினார்கள். ஒருநாள் வெளிமாநில லாரி டிரைவர் ஒருவர் ஒழுங்காக நிறுத்திவிட்டு, இஞ்சினையும் அணைத்துவிட்டு, இறங்கி எங்கள் கடைக்கு வந்து, "மந்திரி வர்றான்?" என்று கேட்டார். பாய் அவருக்குத் தெரிந்த இந்தியில், மந்திரி இல்லை, மீன் விற்கிற அம்மா வருகிறார் என்று விளக்கினார். அந்த டிரைவர் அக்காவைப் பார்த்துப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய் ஏறினார். அக்கா அன்றைக்கு முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் கணவரும் மற்ற டிரைவர்களைப் போலத்தான் இருந்தார். ஒருநாள் அக்கா நேராக வாசலுக்கு வந்து, "ஒன் ஆளு நான் கோட்டாண்ட நிக்கசொல்ல பூட்டான் டைப்பு. ரெண்டு தபா ஹாரன் வேற அடிச்சினு போறான்" என்று புகார் சொன்னார். அன்று வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் கேட்டேன்.

"அது ஜங்ஷனே இல்லம்மா. எதிர்ல ரோடு இல்ல, வண்டி இல்ல. செவப்புன்னா எவனோ குறுக்கால வர்றான்னு அர்த்தம். அங்க எவன் வர்றான்? யாருக்காவ நிக்கறது?"

"அக்கா வர்றாங்கல்ல?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அக்கா வண்டியா?" என்றார். பிறகு தான் சொன்னது தனக்கே கேட்டது போல என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் அவர் நின்றார்.

அத்தனை பாரத்தோடு வருகிற வண்டி சடாரென்று நிற்காது. தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்து, ஏர் பிரேக் புஸ்ஸென்று சத்தம் போட, சரியாகக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தினார். அக்கா அந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்தில் நின்று அவரையே பார்த்தார். பச்சை வந்தும் இறங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் கையை ஆட்டி, போங்க என்று காட்டினார். அப்புறம்தான் அக்கா இறங்கினார். அதுவே பழக்கமாகிவிட்டது. எந்த வண்டியாக இருந்தாலும் டிரைவர் கை காட்டாமல் அக்கா இறங்கமாட்டார்.

"வெளக்கு சொன்னா மட்டும் பத்தாது டைப்பு. ஆளு சொல்லணும். வெளக்குக்கு இன்னா, கரண்டு இருந்தா எரியப் போவுது."

அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் நல்ல ஒட்டுதல் ஏற்பட்டது. அக்கா நல்ல மீன் வந்தால் தனியாக எடுத்துவைத்து என்னிடம் கொடுத்து, "எனுக்கு நிக்கற ஆளுக்கு வறுத்துப் போடு" என்பார். என் கணவர் மற்ற டிரைவர்களிடமும் சொல்லிப் பார்த்தார். சிலர் நின்றார்கள். சிலர் அவரைக் கேலி செய்தார்கள். முன்னால் வண்டி ஏன் நிற்கிறது என்று தெரியாமல் பின்னால் வருகிறவன் கத்துகிறான், நின்றாலும் பேஜாரு, போனாலும் பேஜாரு என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார். ஆனாலும் அவர் நிற்பதை விடவில்லை.

அது ஒரு நடுப்பகல். வெயில் ரோட்டில் தகித்துக்கொண்டிருந்தது. அதிசயமாக அன்றைக்கு ஹார்பர் வரிசை அவ்வளவு தூரம் நீளவில்லை. கிழக்குப் பக்கம் காலியாக இருந்தது. நான் ஒரு காதுகுத்துப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். அக்கா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். அவர் பலகையை ஈரக் கோணியால் மூடிவிட்டு, "பாத்துக்கோ டைப்பு, காக்கா வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஏர் பிரேக்கின் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். என் கணவருடைய வண்டிதான். மேலே பச்சை நிறக் கண்டெய்னர். கோட்டுக்கு முன்னால் நின்றிருந்தது. அந்தப் பக்கம் அக்கா, கையில் ஒரு தூக்குவாளியோடு. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கை அசைந்தது எனக்கும் தெரிந்தது. அக்கா பிளாட்பாரத்திலிருந்து இறங்கினார். ட்ரெய்லரின் முகப்புக்கு முன்னால் அவர் சின்னதாகத் தெரிந்தார். நடந்து வந்துகொண்டிருந்தார்.

அப்போது வடக்கேயிருந்து ஒரு வேன் வந்தது. ட்ரெய்லருக்குப் பின்னால் வந்து, வேகம் குறையாமல், நிற்கிற வண்டியைச் சுற்றிக்கொண்டு போக வலது பக்கம் ஒடித்தது. இந்தப் பக்கம் இருந்த எனக்கு அது தெரிந்தது. அக்காவுக்குத் தெரிய வழியில்லை. நடுவில் அந்தப் பெரிய வண்டி இருந்தது. நான் எழுந்தேன். கத்தினேனா என்று தெரியவில்லை. கத்தியதாகப் பாய் சொல்கிறார்.

என் கணவர் பக்கக் கண்ணாடியில் வேனைப் பார்த்துவிட்டார். ஹாரனை அடித்தார்.

அக்கா நின்றுவிட்டார். ட்ரெய்லரின் முகப்பைத் தாண்டி ஓரடி வெளியே வந்திருந்தவர், அங்கேயே நின்று, வேன் வருகிற பக்கம் பார்க்காமல், ட்ரெய்லரைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அடுத்த நொடி வேன் அவரை அடித்தது.

தூக்குவாளி உருண்டு நடுத்திட்டில் மோதி நின்றதைப் பார்த்தேன். அதிலிருந்து மோர் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே பச்சை மனிதன் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தான். டிக் டிக் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது என் கணவர் ரோட்டில் உட்கார்ந்து அக்காவின் தலையை மடியில் வைத்திருந்தார். "அக்கா, அக்கா" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை. பாய் கடையிலிருந்த திரைத்துணியைப் பிடுங்கிக்கொண்டு வந்து அக்காவின் காலைச் சுற்றினார். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் ஏற்றியிருந்தவர்களை இறக்கிவிட்டு வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அக்கா உடனே சாகவில்லை. பெரியாஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்தார். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் நொறுங்கியிருந்தன. நினைவு இருந்தது. பேச்சும் இருந்தது. நான் கடை முடிந்து தினமும் போனேன். அவருடைய ஒரே மகள், கைக்குழந்தையை அண்டைவீட்டில் விட்டுவிட்டுப் படுக்கைக்குக் கீழே துணி விரித்துக் கிடந்தாள். என் கணவர் வண்டிக்குப் போகவில்லை. வார்டு வாசல்வரை என்னோடு வருவார். உள்ளே வரமாட்டார். வெளியே படியில் உட்கார்ந்துகொள்வார்.

அக்காவேதான் கேட்டார். "எங்க டைப்பு ஒன் ஆளு? வாசல்ல குந்தினு கீறானாமே. உள்ள வரச் சொல்லு."

நான் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் கட்டிலின் கால்பக்கம் நின்றார். அக்கா அவரைப் பார்த்து மெல்லிய குரலில் கேட்டார்.

"இன்னா தம்பி, எதுக்கு ஹாரன் அடிச்ச?"

"வேன் வருதுன்னு சொல்றதுக்குக்கா."

"அப்டியா?" அக்கா யோசித்தார். "நீ டைப்புக்கு அடிக்கறன்னுல்ல நான் நெனச்சேன். எப்பவும் ரெண்டு தட்டுத் தட்டுவியே. தோ, பொஞ்சாதிய பாத்துட்டான், நம்மள நடு ரோட்ல வுட்டுட்டு ஹாரன் அடிக்கறான்னு உன்ன கிண்டல் பண்லாம்னு திரும்பினேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். வலியில் முகம் கோணியது. மகள் தண்ணீர் கொடுத்தாள். என் கணவர் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். அவர் தோள்கள் குலுங்கின. அக்கா என்னைப் பார்த்து, "இட்டுனு போ. வெளிய உக்கார வெச்சி டீ வாங்கிக் குடு" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. மறுநாள் காய்ச்சல் ஏறியது. காயத்திலிருந்து விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அதற்கப்புறம் அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை.

அக்காவின் கண்ணீர் அஞ்சலியை நான்தான் அடித்தேன். எழுத்து தப்பாகிவிடக் கூடாதே என்று திரும்பத் திரும்பப் படித்தேன்.

வேன் ஓட்டியவன் தப்பி ஓடவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் சாட்சி சொல்ல நானும் என் கணவரும் போனபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் போலிருந்தது, கையில் மருதாணி முழுதாகப் போகவில்லை. பக்கத்தில் ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் என் கணவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"செவப்பு எரியுதுல்ல? கண்ணு தெரியாதாடா ஒனுக்கு? நான் நிக்கறேன்ல?"

அவன் கையை உதறவில்லை. "சத்தியமா வெளக்க பாக்கல அண்ணா. ஒன் வண்டி மறச்சிகினு இருந்துச்சு. நீ நிக்கறத பாத்தேன். போர்ட்டு க்யூன்னு நெனச்சேன். இந்த ரோட்ல ட்ரெய்லரு எப்பவும் நிக்கறதுதான? நின்னா சுத்திகினு போறதுதான?"

என் கணவரின் பிடி தளர்ந்ததை நான் பார்த்தேன். அவன் சட்டைக் காலரைத் தானே நீவிவிடுவது போலக் கையை எடுத்தார். போலீஸ்காரர் அதட்டினார். சொல்ல வேண்டியதை நாங்கள் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவர் சொன்னார்: "நானா இருந்தாலும் அப்டித்தாம்மா சுத்தினு போயிருப்பேன். எத்தினியோ தபா போயிருக்கேன். அந்தப் பக்கம் யாரும் வரல, அவ்ளோதான்."

வழக்கு அதன் பாட்டுக்குப் போயிற்று. அந்தப் பையனின் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் அவனை நான் பார்க்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து அக்காவின் மகள் கடைக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. என் கணவர் அன்று கடையில்தான் உட்கார்ந்திருந்தார். வண்டிக்குப் போகாமல் வீட்டில் சும்மா இருந்தவரை, தனியாக விடப் பயந்து நான்தான் கூட்டி வந்து வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தேன். அவள் அவருக்கு எதிரே கீழே உட்கார்ந்தாள்.

"அண்ணா, அம்மா எப்டி நடந்து வந்துச்சு, எங்க நின்னுச்சு, எல்லாம் சொல்லு. எனுக்கு தெரியணும். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கோ."

அவர் எதையும் விடாமல் சொன்னார். கை காட்டியதைச் சொன்னார். ஹாரன் அடித்ததைச் சொன்னார். "நான் கை காட்டலன்னா அக்கா எறங்கியே இருக்காது. ஹாரன் அடிக்கலன்னா நிக்காம நடந்து தாண்டியிருக்கும். ரெண்டும் நான்தாம்மா" என்றார். பாய் குறுக்கிட்டு, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவள் பாயைக் கையமர்த்தினாள்.

"கை காட்னது நீ இல்லன்னா வேற ஒர்த்தன் காட்டியிருப்பான்" என்றாள். அவள் குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே ரோட்டைப் பார்த்துப் பேசினாள். "ஆனா ஒண்ணுண்ணா. இந்த பொத்தான் வர்றதுக்கு முன்னாடி எங்கம்மா எத்தினி வருசம் இந்த ரோட்டுல ஓடியாந்துச்சு. ஒரு கீறல் கெடயாது. ரெண்டு கண்ணும் ரோட்டு மேலயே இருக்கும். சிக்னல் வந்தப்புறம்தான் சிரிச்சிகினு நடந்துச்சு."

அவள் எழுந்து, மின்கம்பத்தின் கீழே சாய்த்து வைத்திருந்த பலகையைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள். அம்மாவைப் போலக் குரல் கொடுத்து விற்க அவளுக்கு இன்னும் வரவில்லை. நான்தான் தெரிந்தவர்களை அனுப்பிவைப்பேன். பொத்தானை அவள் தொடுவதில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே, அவள் அம்மா ஒரு காலத்தில் ஓடியது போலவே ஓடி வருகிறாள். அவள் இந்தப் பக்கம் வந்து சேரும்வரை என்னால் ஒரு எழுத்து அடிக்க முடிவதில்லை.

அக்கா போன பிறகு சில வாரங்கள் அங்கே ஒரு போக்குவரத்துக் காவலர் நின்றார். வேகத்தடை போட்டார்கள். காவலர் இருந்தவரை எல்லோரும் நின்றார்கள். அவரைப் பார்த்து நின்றார்கள், விளக்கைப் பார்த்து இல்லை. அவரை வேறு இடத்துக்கு மாற்றியதும் பழையபடி ஆயிற்று. பிறகு ஒரு மழையில் என்ன கெட்டுப்போனதோ, சிக்னல் இப்போது இரவும் பகலும் மஞ்சளிலேயே மினுங்கிக்கொண்டிருக்கிறது. பொத்தானை அமுக்கினால் ஒன்றும் ஆவதில்லை. புதிதாக வருகிற யாராவது அமுக்கிவிட்டு அண்ணாந்து பார்த்து நிற்பார்கள். பாய் எழுந்து போய், அது வேலை செய்யாது என்று சொல்லிவிட்டு வருவார்.

என் கணவர் மறுபடி வண்டி எடுக்கப் பல நாள் ஆயிற்று. வேறு வேலை அவருக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாலையில் திரும்பி வந்து, வண்டியை ஒப்படைத்துவிட்டேன் என்றார். எங்கள் கடைக்கு முன்னால் வரும்போது தன்னை மீறிக் கால் பிரேக்கில் போய்விட்டதாகவும், கோட்டுக்கு முன்னால் யாருமே இல்லாத ரோட்டில் வண்டி நின்றுவிட்டதாகவும், பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்ததும் எத்தனை முயன்றும் கியர் விழவில்லை என்றும் சொன்னார். அந்த நேரத்தில் நான் வங்கிக்குப் போயிருந்தேன். பாய்தான் பார்த்திருக்கிறார். அவர் போய்ப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு பேச்சுக்கொடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்திருக்கிறது.

இப்போது காட்டுப்பள்ளியில் ஒரு கண்டெய்னர் யார்டுக்குள் வேலை பார்க்கிறார். வேலிக்குள்ளேயே ஓட்ட வேண்டும். ஒரு அடுக்கிலிருந்து எடுத்து இன்னொரு அடுக்குக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அங்கே ரோட்டைக் கடக்கிற ஆள் யாரும் கிடையாது. கம்பெனி வேன் வந்து கூட்டிப்போய்த் திரும்ப விடுகிறது. முன்பு வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு ரோட்டில் நடந்ததையெல்லாம் சொல்வார். யார் எப்படி ஓட்டினான், எவனை எவன் திட்டினான் என்று நடித்துக் காட்டுவார். இப்போது சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. சாப்பிட்டுவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிவியில் ஹாரன் சத்தம் வந்தால் ஒலியைக் குறைப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் பேரக் குழந்தைக்கு மொட்டை போட்டார்கள். மகள் வந்து எங்கள் இருவரையும் சொல்லி அழைத்தாள். என் கணவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் தயாராக நின்றார். கடைக்கு எதிரே வந்து நின்றோம். ஞாயிற்றுக்கிழமையிலும் ட்ரெய்லர் வரிசை நீண்டு கிடந்தது. மேலே மஞ்சள் விளக்கு மினுங்கியது. முதல் பாதியைக் கடந்து நடுத்திட்டுக்கு வந்துவிட்டோம். அங்கே அவர் நின்றுவிட்டார். வண்டி எதுவும் வராத நேரம் கிடைத்தும் அவர் இறங்கவில்லை. அந்தப் பக்கம் நின்றிருந்த ட்ரெய்லர் டிரைவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி, போங்க என்று காட்டினான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேணாம்னா திரும்பிப் போயிடலாம்யா" என்றேன்.

"இல்ல. போலாம்."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வடக்கே எதுவும் தெரியாத ஒரு நேரம் பார்த்து, அக்காவின் மகளைப் போல, இந்த ரோட்டில் எல்லோரும் ஓடுவது போல, இருவரும் ஓடினோம். இரண்டு ட்ரெய்லர்களுக்கு நடுவே இருந்த சந்தில் நுழைந்து அந்தப் பக்கம் சேர்ந்தோம். சேர்ந்த பிறகும் அவர் பிடியை விடவில்லை. வலித்தது, ஆனாலும் நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. குப்பத்துச் சந்துக்குள் வலை காயப்போட்டிருந்த கயிறுகளுக்கு அடியில் குனிந்து குனிந்து, அக்காவின் வீட்டு வாசல்வரைக்கும் அப்படியே நடந்தோம்.